வார்னிஷ் அடித்த விதைகள்

வசந்தம் தானாக வரும் என்று நம்புகிறவர்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததில்லை. அந்தத் தொடக்கப் பள்ளிக்கு அது சுற்றறிக்கை வழியாகத்தான் வரும். இந்த வருடம் 'முளைப்போம், மலர்வோம்' என்ற தலைப்போடு வந்தது. தலைப்பு தலைமையாசிரியை வைத்தது. மைக் இல்லாமலே எல்லா மாடிக்கும் கேட்கிற குரல் என்பதால் ஆசிரியர்கள் அவருக்கு முழக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரில் மேடம்.

இரண்டாம் வகுப்புக்கு விதை நடும் செயல்பாடு. ஆளுக்கு ஒரு காகிதக் கப், ஒரு பிடி மண், ஓர் அவரைக்கொட்டை. கப் வந்தது, மண் வந்தது, விதை வாங்க மறந்துவிட்டார்கள். கணக்குப் பெட்டியில் இருப்பதை எடுத்துக்கொள்ளச் சொன்னார் முழக்கம். கூட்டல் கழித்தலுக்கென்று காலங்காலமாக அங்கே கிடக்கிற கொட்டைகள். வண்டு அரிக்காமல் இருக்க யாரோ ஒரு புண்ணியவான் வார்னிஷ் அடித்து வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

"மேடம், இது முளைக்குமா?" என்றார் வகுப்பு டீச்சர்.

"கொட்டைன்னா கொட்டைதானே டீச்சர்? இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு?"

டீச்சர் தற்காலிகம். பல வருடங்களாக நிரந்தரமாகத் தற்காலிகம். அடுத்த வருடத்துக்கான உத்தரவு முழக்கத்தின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஆராய்ச்சி அதோடு நின்றது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அச்சடித்த படத்தாள். முதல் கட்டத்தில் விதை, அடுத்ததில் முளை, அதற்கடுத்து இலை. வாரம் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். முளைக் கட்டம் வந்த அன்று கப்புகளில் மண்தான் இருந்தது. அதனாலென்ன, படத்தில் முளை இருக்கிறதே! வகுப்பே பச்சை கிரேயானைத் தேய்த்துத் தள்ளியது. ஒருத்தி மட்டும் மண்ணுக்குள் விரலை விட்டுக் கொட்டையை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

அவளுக்குச் சுண்டு என்று பெயர் வந்ததற்கு உருவம் காரணம். பேச்சு உருவத்தைவிடச் சிறியது.

"டீச்சர், முளைக்கல."

"முளைக்கும்மா. நீ கலர் அடி."

"முளைச்சதும் அடிக்கிறேன்."

மறுநாளும் தோண்டினாள். அதற்கு மறுநாளும். "ஏய் பெருச்சாளி!" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் அந்தக் கொட்டையை வாங்கிப் பார்த்தார். நனைந்த மண்ணில் அத்தனை நாள் கிடந்தும் மேலே ஒரு சொட்டு நீர்கூட ஒட்டவில்லை. உலகம் அழிந்து மறுபடி உண்டானாலும் இது முளைக்காது என்று அவருக்குப் புரிந்தது. கொட்டையைத் திரும்ப மண்ணுக்குள் வைத்து, பக்குவமாக மூடினார்.

ஆண்டிறுதியில் பிள்ளைகளைத் தரம் பிரிக்க ஓர் ஆலோசகர் வருவார். பின்தங்கியவர்கள் என்று அவர் சொல்கிற பிள்ளைகள் தாழ்வாரக் கடைசியில் உள்ள தனி அறைக்குப் போக வேண்டும். பலகையில் அதற்குப் பெயர் 'சிறப்புக் கவனிப்பு'. கவனிப்பு என்பது, கத்தாமல் உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஓர் ஆயா அவ்வப்போது எட்டிப் பார்ப்பது. சுண்டுவின் அண்ணன் மூன்று மாதத்துக்கென்று அங்கே போனான். ஐந்தாம் வகுப்பு வயதாகியும் அங்கேயே இருந்து, காகிதம் ஒட்டக் கற்றுக்கொண்டு, தன் பெயரை எழுதத் தெரியாமல் வெளியே வந்தான். இந்த வருடம் முழக்கம் கொடுத்த பெயர் சுண்டு. காரணம்: கவனிக்கும் திறன் இல்லை.

ஆலோசகர் வருகிறார் என்றதும் முழக்கத்துக்குக் கப்புகளின் நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாற்றுப் பண்ணைக்கு ஆள் போனது. அவரை நாற்று இல்லையாம், தக்காளிதான் இருந்ததாம். காவலாளி கப்புக்கு ஒன்றாக நட்டு வைத்தான். திங்கட்கிழமை பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள். சுண்டு செடியை வேரோடு தூக்கி, அடியில் தேடி, பளபளவென்று கிடந்த தன் கொட்டையை எடுத்துக்கொண்டு முழக்கத்திடமே போனாள்.

"மேடம், இது வேற யாரோட செடியோ. என் கொட்டை இங்க இருக்கு."

அன்று மாலையே அப்பாவுக்கு அழைப்பு போனது. அவர் பஸ் டிரைவர். பணி உடுப்போடு வந்தார். எதிரே ஆலோசகர், முழக்கம், டீச்சர்; மேசையில் அந்தச் செடி, பக்கத்தில் சுண்டு. உட்காரப் பிள்ளைகள் நாற்காலிதான் கிடைத்தது. முழங்கால் தாடையில் இடிக்க, தன் வண்டியே தன் மேல் ஏறிவிட்டது போல உட்கார்ந்திருந்தார்.

"கண்ணெதிரே இருக்கிற செடியை ஏற்க மறுக்கிறாள். இது யதார்த்த மறுப்பு" என்றார் ஆலோசகர். வாயில் வாக்கியம் வரும்போதே அடிக்கோடும் சேர்ந்து வருகிற ஆள். "ஆரம்பத்திலேயே தனி அறைக்கு அனுப்பினால் பயனுண்டு."

"அவ பொய் சொல்ல மாட்டா சார். அவ அண்ணனை ஏற்கெனவே அங்க குடுத்துட்டேன். இவளையும் கேக்காதீங்க" என்ற அப்பா, டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க டீச்சர். கூடவே இருக்கிறவங்க நீங்க. அவ சொல்றது நிஜமா?"

முழக்கம் முழங்கவில்லை. டீச்சரைப் பார்த்தபடி பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"சின்னப் பிள்ளைங்க மனசுல சில சமயம் ஏதாவது ஒன்னு பதிஞ்சிடுது..." என்றார் டீச்சர். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"ரெண்டு நிமிஷம் குடுங்க சார்" என்று அப்பா எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு மகளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"செடி உன்னோடதுன்னு சொல்லிடு தங்கம்."

"இல்லப்பா. நான் போட்டது..."

"தெரியும். நீ சொல்றதுதான் சரி. அப்பா நம்புறேன். ஆனா உள்ள போய் மாத்திச் சொல்லு. இல்லன்னா உன்னை அண்ணன் ரூம்ல போட்டுருவாங்கடி." பெரிய வண்டி ஓட்டுகிற மனிதர், குரல் பாதியில் உடைந்தது. "அப்பாவுக்காக."

அப்பா அழுது சுண்டு அதுவரை பார்த்ததில்லை. உள்ளே வந்தாள்.

"இது யாரு செடிம்மா?" என்றார் ஆலோசகர்.

"என்னோடது."

"எதிலிருந்து வந்தது?"

அப்பாவைப் பார்த்தாள். முழக்கத்தைப் பார்த்தாள். செடியை மட்டும் பார்க்கவில்லை.

"நான் போட்ட கொட்டையிலேர்ந்து."

"சபாஷ்! பாருங்க மேடம், ஒரு சின்ன உரையாடல்லயே எவ்வளவு முன்னேற்றம்!" ஆலோசகருக்குத் தன் திறமை மேல் புல்லரித்தது. தனி அறைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தார். அப்பா எல்லோருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டார், டீச்சருக்கும். டீச்சரின் உத்தரவிலும் அன்றே கையெழுத்து விழுந்தது.

மறுநாள் காலை 'இன்றைய வானிலை' செயல்பாடு. ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிடும் போல மழை அறைந்துகொண்டிருந்தது. தாழ்வாரத்தில் முழக்கத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் அவசரமாக ஒரு பெயரைக் கூப்பிட்டார்.

"சுண்டு, நீ சொல்லு. வெளியே எப்படி இருக்கு?"

சுண்டு எழுந்தாள். ஜன்னல் பக்கம் தலை திரும்பவில்லை. டீச்சரின் முகத்தையே கவனமாகப் பார்த்தாள்.

"எப்படி இருக்கணும் டீச்சர்?"