நாலு புள்ளிக் கடிதம்

பொய் சொல்வதில் பாலர் பள்ளி ஆசிரியைகளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. "அட, யானையா? எவ்வளவு அழகா இருக்கு" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லியிருப்பேன். அதில் முப்பத்தெட்டு யானையே இல்லை. எங்கள் குளிர்தேசத்து எஸ்பியர் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்த பாலர் பள்ளியில் முப்பத்தோரு வருடம் இப்படிப் புளுகிச் சம்பளம் வாங்கினேன். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் பிப்ரவரி பிறந்து வேலியோரம் பனிப்பூ தலைகாட்டினால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கத்தரிக்கோலைத் தேடுகிறது.

வசந்தப் பருவம் என்றால் சும்மாவா? ஆகஸ்டில் பெரிய பள்ளிக்குப் போகிற ஆறு வயதுக்காரர்களை அந்த நாலைந்து மாதத்தில் மனிதராக்கியாக வேண்டும். ஷூ நாடா கட்டத் தெரிய வேண்டும், மூக்கைத் தானே சிந்தத் தெரிய வேண்டும், அடுத்தவர் பேசும்போது வாயை மூடத் தெரிய வேண்டும். கடைசியாகச் சொன்னது எனக்கே இன்னும் வரவில்லை. நடுவில் முட்டை ஓட்டுக்குள் பஞ்சு வைத்துக் கீரை விதை தூவுவோம். முளைக்கிறதா என்று பார்க்க ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பஞ்சைத் தூக்கித் தூக்கியே பாதியைக் கொன்றுவிடுவார்கள். ஓடையிலிருந்து தலைப்பிரட்டை பிடித்துவந்து கண்ணாடி ஜாடியில் விடுவோம். எல்லாவற்றுக்கும் மேலே புள்ளிக் கடிதம்.

வெள்ளைத் தாளை மடித்து மடித்து ஓரமெல்லாம் வெட்டினால், பிரிக்கும்போது ஜன்னல் திரை மாதிரி பூப்பூவாய் விரியும். நடுவில் விடுகதையாய் நாலு வரி. அதை நாங்கள் எழுதிக் கொடுப்போம். உறைக்குள் ஒரு பனிப்பூ. அனுப்பியவர் பெயர் மட்டும் இருக்காது. பெயரில் எத்தனை எழுத்தோ அத்தனை புள்ளிதான். யார் அனுப்பியது என்று வாங்கியவர் கண்டுபிடித்துவிட்டால் அனுப்பியவர் ஈஸ்டருக்கு சாக்லேட் முட்டை தர வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் வாங்கியவர் தர வேண்டும். இதுதான் சட்டம். பெரியவர்களுக்கு மட்டும் இன்னொரு சட்டம் உண்டு, யாரும் எழுதி வைக்காதது: கண்டுபிடித்துவிடக் கூடாது. பசை ஒழுகுகிற உறையைப் பார்த்ததுமே எந்த வால் அனுப்பியது என்று தெரிந்துவிடும். தெரிந்தாலும் தலையைச் சொறிந்துகொண்டு, "ரொட்டிக்கடைக்காரரா? போஸ்ட்மேனா?" என்று கடைசிவரை திணற வேண்டும். நான் வருடத்துக்கு இருபது முட்டை அழுதேன்.

இந்தக் கதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் நடந்தது. அந்த வருடம் ஈஸ்டர் மார்ச்சிலேயே வந்துவிட்டது. தோரா என்று ஒரு பெண் இருந்தாள், ஆறு வயது. அம்மா லிஸ் மீன் பதனிடும் ஆலையில் வேலை. அப்பா ஹோல்கர் சரக்குக் கப்பலில். எங்கள் தெருப் பையன்தான், என் கண்ணெதிரே வளர்ந்தவன். முந்தின வருடம் ஜூனில் கப்பலேறியவன் ஒன்பது மாதமாய் வரவில்லை. அவன் போகும்போது தோராவுக்கு முதுகுவரை முடி, வாய் நிறையப் பல். அக்டோபரில் பள்ளி முழுக்கப் பேன் பிடித்ததில் முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் முன்பல் நாலும் விழுந்துவிட்டது. வளர்ந்ததில் பூட்ஸ் இரண்டு தடவை மாற்றியாயிற்று.

பிப்ரவரியில் ஒரு நாள் நான் பசை டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது என் கவுனைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்.

"ரக்னா, அப்பா வந்தா என்னைத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். அந்த மூடியை எடு."

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு பிள்ளை நெஞ்சில் கிடப்பதையெல்லாம் எடுத்து வைக்கிறது, நான் மூடியை எடு என்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்னால் ஹோல்கரின் கப்பல் வந்தது. அன்று மதியம் நேரே பள்ளிக்கு வந்து வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். முற்றத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லாம் ஒரே மாதிரி குளிராடை, காதுவரை இழுத்த தொப்பி. அவன் கண் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது, திரும்பி வந்தது. தோரா அவனுக்கு நேர் எதிரே, நாலே எட்டில், மண்வாரியோடு நின்றாள். ஓடவில்லை, கூப்பிடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைத் தாண்டிப் பார்த்து, "தோரா இருக்காளா?" என்று என்னிடம் கேட்டான். நான் சிரித்துவிட்டேன். "கண்ணு எங்க இருக்கு உனக்கு? காலடியில நிக்கிறா பாரு" என்றேன். அவன் அவளைத் தூக்கிச் சுற்றினான், சிரித்தான், கொஞ்சினான். அவள் கையிலிருந்த மண்வாரியைக் கீழே போடவே இல்லை.

மறுநாளே அப்பாவுக்குப் புள்ளிக் கடிதம் வெட்ட உட்கார்ந்தாள். மூன்று தாள் கிழிந்தது, நாலாவது தேறியது. அவள் பெயருக்கு எங்கள் எழுத்தில் நாலு புள்ளி. ஒவ்வொன்றையும் பட்டாணி அளவுக்கு அழுத்தி அழுத்தி வைத்தாள். "நாலு புள்ளி பாத்தா அப்பாவுக்குத் தெரிஞ்சிடுமா?" என்று கேட்டாள். முட்டை போய்விடுமோ என்று பயப்படுகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். என் புத்திக்கு வேறென்ன தோன்றும்? "தெரியவே தெரியாது, கவலைப்படாதே" என்று தலையைத் தடவினேன். அவள் புள்ளிகளை இன்னும் பெரிதாக்கினாள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தின புதன்கிழமை பெற்றோர்களுக்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு. கறுப்பு ரொட்டி, ஊறவைத்த மீன், அவித்த முட்டை. சாப்பிட்டு முடித்ததும் ஆளாளுக்கு வந்த கடிதம் யார் அனுப்பியது என்று எழுந்து நின்று கண்டுபிடிக்க வேண்டும். லிஸுக்கு ஷிப்ட், அதனால் ஹோல்கர் மட்டும் வந்திருந்தான். வாசலில் கோட்டைக் கழற்றும்போதே கடிதத்தை எடுத்து என்னிடம் காட்டினான், முகமெல்லாம் பூரிப்பு. தோராதான் அனுப்பியது, உறையைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது என்றான். நான் அவனை ஒரு ஓரமாய் இழுத்துப் போனேன்.

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. புள்ளைங்களுக்கு ஜெயிச்சாத்தான் சந்தோஷம்."

"கண்டுபிடிச்சேன்னு சொன்னா சந்தோஷப்பட மாட்டாளா?"

"ஹோல்கர், இருபது வருஷமா இதே வேலைதான் பண்றேன். நான் சொல்றதைக் கேளு."

கேட்டான், பாவம். ஒன்பது மாதம் வீட்டில் இல்லாதவன் அப்பாவாய் இருப்பது எப்படி என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வான்.

பாலே என்று தோராவின் வயதில் ஒரு வால் பையன், அவன் அம்மா "துறைமுக அதிகாரியா?" என்று ஆரம்பித்தாள். பாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். அடுத்தவர் பல் டாக்டரா என்றார், அதற்கடுத்தவர் பக்கத்து வீட்டு நாயா என்றார். கூடம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. "தோத்தேன்" என்று சொன்னதும் பிள்ளை "நான்தான், நான்தான்" என்று குதித்து முட்டையைப் பிடுங்கிக்கொள்ளும். ஹோல்கரின் முறை வந்தது. அவனும் நன்றாகவே நடித்தான். கடிதத்தைத் தலைகீழாய்ப் பிடித்தான், கப்பல் சமையல்காரனா என்றான், மாலுமிகளின் பெயரெல்லாம் சொன்னான். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தோரா மட்டும் நாற்காலி நுனியில் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் கையை விரித்து, "தெரியலையே. யாருன்னே எனக்குத் தெரியலை" என்றான்.

யாரும் குதிக்கவில்லை. கூடம் காத்திருந்தது. ஹோல்கர் முட்டையை நீட்டிக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு நின்றான். தோரா நாற்காலியிலிருந்து மெதுவாய் இறங்கினாள், கோட்டு மாட்டும் அறைக்குப் போனாள், தன் கொக்கிக்குக் கீழே பெஞ்சில் முகம் தெரியாமல் கோட்டுகளுக்குள் புகுந்துகொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பசை டப்பா, கேட், பட்டாணிப் புள்ளி, எல்லாம் வரிசையாய் வந்து நெஞ்சில் இடித்தது. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன். அவள் கேட்டது முட்டையா?

நான் ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டேன். ஹோல்கரும் பின்னாலேயே வந்தான், பாலேயும் அவன் பட்டாளமும் வாசலை அடைத்துக்கொண்டார்கள். நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன், அப்பாவுக்கு முதலிலேயே தெரியும் என்று ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். கோட்டுகளுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"நீங்க எல்லாரும் பொய்தான் சொல்றீங்க."

இப்போதுதானே பதினாலு பெரியவர்கள் வரிசையாய் எழுந்து நின்று அவள் எதிரில் பொய் சொல்லி முடித்தோம். தெரியும் என்று சொன்னால் மட்டும் எப்படி நம்புவாள்? ஹோல்கர் சத்தியம் பண்ணினான், கோட்டுகள் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கோட்டுகள் விலகின.

"கண்ணைக் கட்டிட்டுக் கண்டுபிடிக்கட்டும்."

என் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் கண்ணை நானே கட்டினேன், இறுக்கமாகத்தான். பெரிய பள்ளிக்குப் போகிற மற்ற ஏழு பேரும் தோராவும் சுவரோரம் சாக்ஸ் காலோடு வரிசையாய் நின்றார்கள். பாலேதான் இடம் மாற்றி மாற்றி நிறுத்தினான். யாரும் பேசக் கூடாது என்று தோரா விரலைக் காட்டினாள். அவன் குனிந்து ஒவ்வொரு தலையாய்த் தடவிக்கொண்டு வந்தான். முதல் தலையில் சடை, இல்லை என்றான். இரண்டாவது கண்ணாடி போட்டது, இல்லை. மூன்றாவது நெளிந்து சிரித்தது, இல்லை. நாலாவது தோரா. வெட்டிய முடி மேல் கை போனது, நெற்றிக்கு வந்தது, கன்னத்தில் நின்றது. நான் ஒரு இருமல் இருமினால் போதும். இருமவில்லை. என் ஆயுளில் நான் செய்யாமல் விட்டவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அவன் கையை எடுத்துக்கொண்டு அடுத்த தலைக்குப் போய்விட்டான்.

தோராவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்தேன். ஐந்தாவது பாலே, தொட்டதும் பன்றிக்குட்டி மாதிரி சிரித்தான். ஆறாவதும் களுக்கென்றது. ஹோல்கர் அங்கேயே நின்றான். திரும்பினான். தடுமாறி இரண்டு எட்டு பின்னால் வந்து, மறுபடி அந்த வெட்டிய முடியைத் தொட்டு, முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"மத்ததெல்லாம் சிரிக்குது. இது மூச்சே விடலை. இதுதான் என் புள்ளை."

"ஏன் தாண்டிப் போனே? அன்னிக்கு கேட்டுலயும் என்னைத் தாண்டித்தானே பாத்தே?"

"நான் கப்பலேறினப்போ முடி இருந்துச்சேம்மா. கை அதைத்தான் தேடுது."

"வெட்டிட்டாங்க. பேன்."

"அன்னிக்கு எனக்குத் தெரியாதே. யாரும் எழுதலையே."

"எனக்கு எழுதத் தெரியாதே" என்று சொன்னாள், அப்புறம்தான் அழுதாள். துணியை அவிழ்க்க விடவில்லை. அவன் விரலைப் பிடித்து வாய்க்குள் விட்டு, இது காலால் உந்துகிற குட்டி ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது போன பல், இது தூக்கத்தில் போனது, இது ஆப்பிளில் போனது என்று ஒவ்வொரு இடமாய்க் காட்டினாள். முட்டிக்காயம், காலில் மாற்றிய பூட்ஸ் அளவு, ஒன்றையும் விடவில்லை. அவன் கண்ணைக் கட்டிய துணி நனைந்ததை நான் பார்த்தேன். பாலேவுக்கு இதெல்லாம் ஒன்றும் ஏறவில்லை. அவனுக்குச் சட்டம்தான் முக்கியம்.

"கண்டுபிடிச்சாச்சு. தோரா தோத்தாச்சு. அவதான் முட்டை குடுக்கணும்."

அவளிடம் ஏது முட்டை? அப்பாவின் கையிலிருந்ததையே வாங்கி, மூக்கைச் சிந்திக்கொண்டு, முறையாய் அவனிடமே கொடுத்தாள். அவன் பாதி உடைத்து நீட்டினான், வாங்கவில்லை. முழுசும் நீதான் சாப்பிட வேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்த்தாள். தோற்றுப்போய் அப்படிச் சிரித்த பிள்ளையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதிலிருந்து எந்தப் பிள்ளை கடிதம் கொடுத்தாலும் முதலில் அதன் முகத்தைப் பார்ப்பேன். இது ஜெயிக்க வந்ததா, கண்டுபிடிக்கப்பட வந்ததா என்று பார்ப்பேன். பெரும்பாலும் ஜெயிக்கத்தான். ஆனால் வருடத்துக்கு ஒன்றாவது மற்றது வரும். அதனிடம் நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதில்லை.

மே மாதம் ஹோல்கர் மறுபடி கப்பலேறினான். போகிற அன்று காலை தோராவைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டான். நான் ஜன்னலுக்கு உள்ளே தலைப்பிரட்டை ஜாடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு முட்டி போட்டிருந்தான். அவள் அவனுடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் தலையின் இரு பக்கமும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"காதை ஞாபகம் வச்சுக்கோப்பா. காது விழாது."