பத்தொன்பதாம் வெள்ளியின் எண்ணெய்

1

அவர் பெயர் கிளைட்டன். வயது ஐம்பத்து நான்கு. மாலை நான்கு மணிக்குக் கடையின் ஜன்னலைத் திறக்குமுன் மூன்று காரியங்களைத் தவறாமற் செய்வார். உருளைக்கிழங்கை விரற்பருமனுக்கு நறுக்கித் தண்ணீரில் இடுவார். முந்தைய நாள் மீன் பொரித்த எண்ணெயைத் துணியில் வடித்துத் தகரத்தில் ஊற்றுவார். பிறகு, "செரி, தொடங்குவோம்" என்று உரக்கச் சொல்லுவார். உள்ளே அவரைத் தவிர வேறு எவரும் இரார்.

இக்கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நான் தேடிப் பிடித்ததன்று. சென்ற திங்கட்கிழமை ஜன்னல் வழியாக எனக்கு ஒரு மீனும் சிப்ஸும் கட்டிக் கொடுத்தபோது கிளைட்டனே சொன்னது. முழுவதும் சொல்லிவிட்டு, "நீங்க கதை எழுதுவீங்களாமே சார். இதுக்கு ஒரு முடிவு எழுதித் தாங்க" என்றார். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் நான். பிறர் கட்டுரைகளுக்கு முடிவுரை எழுதிக் கொடுத்த பழக்கம் உண்டு. ஆகவே சரி என்றுவிட்டேன். அதுவே தவறு.

2

கடைப்பலகையில் "மீன் – சிப்ஸ் – சைனீஸ். பார்சல் மட்டும்" என்றிருக்கும். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு சிற்றூரில், ஹாங்காங்கிலிருந்து வந்த தம்பதியர் நடத்திய இத்தகைய கடையொன்றில் கிளைட்டன் பதினோராண்டு வேலை பார்த்தார். வலப்புறம் மீன், இடப்புறம் நூடுல்ஸ், நாற்காலி கிடையாது. அதை அப்படியே கொண்டுவந்து இந்தத் துறைமுக நகரில், திரேஸ்புரத்துக்குப் பக்கத்துத் தெருவில் வைத்தார். முதல் மாதம் தெருவே சிரித்தது. "ஏலே, சிப்ஸுன்னு போர்டு வச்சுக்கிட்டுத் தடித்தடியா கெழங்கப் பொரிச்சுக் குடுக்கான்!" என்று ஒருவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாராம்.

சிரிப்பை அடக்கியது வெள்ளிக்கிழமை. அன்று கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் இறைச்சி இல்லை, மீன் உண்டு. இந்து வீடுகள் பலவற்றில் மீனும் இல்லை. இருசாராரும் ஒரே ஜன்னலில் நிற்கத்தக்க கடை அப்பகுதியில் இது ஒன்றே. மீனைக் கிளைட்டன் பொரித்தார். மரக்கறி நூடுல்ஸைப் பிரேம் என்னும் நேபாளத்துச் சமையற்காரர் வேறு அடுப்பில், வேறு எண்ணெயில், வேறு கையால் செய்தார். ஊரார் பிரேமைச் 'சீனாக்காரர்' என்றே அழைத்தனர். கடையில் இருந்த ஆறாண்டும் அவர் மறுக்கவில்லை. தை மாதம், தந்தைக்கு நோவென்று ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அதன்பின் இரண்டு அடுப்புக்கும் ஒரே மனிதர்.

(பார்சல் கடையைப் பற்றி ஒரு சொல். ஓட்டலில் தனியே உண்பவனை எல்லாரும் பார்க்கிறார்கள். பார்சல் கடையில் அத்தொல்லை இல்லை. பொட்டலத்தோடு நடப்பவன் எவனுக்கும் வீட்டில் யாரோ காத்திருப்பதுபோலவே தோன்றும். நான் நாசரேத்திலிருந்து இங்கே வந்து மூன்றாண்டாகிறது. அந்தத் தோற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. வாசகர் விரும்பினால் இவ்வடைப்புக்குறியை நீக்கிவிட்டுப் படிக்கலாம்.)

3

இனி இந்துமதி வரவேண்டும். எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மழை ஓய்ந்த ஒரு மாலையில் அவள் —" இல்லை. இக்கதை நடக்கும் மாசியில் இங்கே மழை ஏது?

"கணவனை இழந்த இந்துமதிக்கு —" இதை அடித்துவிட்டேன். அவருக்குக் கணவர் இருக்கிறார்; நலமாயிருக்கிறார். கிளைட்டன் மணமாகாதவர் ஆகையால் என் பேனா தானாகவே அவ்வழியிற் சென்றது. மன்னிக்க.

உள்ளபடியே எழுதுகிறேன். இந்துமதி, துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகமொன்றில் வேலை பார்ப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். அவர் தம்பி சிவப்பிரகாஷ் லாரியிலிருந்து விழுந்து, கால் அசையாமற் கிடந்தார். தம்பி எழுந்து நடக்கவேண்டி, இருபத்தொரு வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டுமே உண்பதாக இந்துமதி திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டார்.

விரதக்காரர் மீன் கடைக்கு வருவாரா என்று வாசகர் ஐயுறலாம். நானும் ஐயுற்று, வரிசையில் நிற்கையில் ஒருமுறை கேட்டேன்.

"வெரதம் எனக்குத்தான சார், வீட்டுக்கா? எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளி செவ்வாயெல்லாம் கெடையாது. மீனு இல்லன்னா தட்டத் தள்ளி வச்சிருவாரு. ஆபீஸ் விட்டு வாரவ எத்தன கடையில போயி நிக்க?"

பொட்டலம் ஆகும் பத்து நிமிடமும் அவர் கிளைட்டனோடு பேசுவார்.

"இன்னைக்குப் பன்னெண்டு, அண்ணாச்சி."

"இன்னும் ஒம்பதுதானம்மா. கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள ஓடிரும்."

"ஒங்களுக்கென்ன, மீனுக்கு நடுவுல நின்னுக்கிட்டுச் சொல்லுவீங்க."

மற்றவர்கள் என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லுவார்கள். வாரம் முழுவதிலும் கிளைட்டனோடு பேசியவர் இந்துமதி ஒருவரே. (என்னைச் சேர்க்கலாகாது. "மீன் ஒன்று, சிப்ஸ் ஒன்று" என்பது பேச்சாகாது.)

4

பத்தொன்பதாம் வெள்ளி, கத்தோலிக்கர் இறைச்சி விடும் தவக்காலத்தில் வந்தது. மீனுக்கு வரிசை தெருமுனை வரை நின்றது. இந்துமதிக்காகக் கிளைட்டன் சோப்பிட்டுக் கைகழுவி இடப்புற அடுப்புக்குச் சென்றார். முட்டைக்கோஸ், காரட், வெங்காயத்தாள், நூடுல்ஸ் என்று வழக்கம்போல் எல்லாம் ஆகிப் பொட்டலம் கை மாறியது. இந்துமதி ஸ்கூட்டரில் போய்விட்டார். அடுத்தவருக்காக மறுபடியும் எண்ணெய் சாய்த்தபோதுதான் தகரத்தின் அடியில் மீனுக்குத் தோய்த்த மாவின் வண்டலைக் கண்டார். அது அன்று வடித்த, மீன் பொரித்த எண்ணெய். தரை ஈரமாயிருந்ததென்று அவரே அத்தகரத்தை இடப்புறம் தள்ளி வைத்திருந்தார்.

[இங்கே கிளைட்டனுடைய நெஞ்சம் பதறியதை வருணித்து ஒரு பத்தி எழுதிப் புதன்கிழமை அவரிடம் படித்துக் காட்டினேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். அடுப்ப அணைச்சேன். இன்னைக்கு இனிமே நூடுல்ஸ் இல்லன்னு சொன்னேன். அவ்வளவுதான்" என்றார். பத்தியை எடுத்துவிட்டேன்.]

ஞாயிறன்று மாதாகோயிலுக்குப் போய்ப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். "மூணு தடவ 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னாரு சாமி. என்ன எண்ணெய்னுகூடக் கேக்கல."

5

இருபதாம் வெள்ளியன்று நான் இந்துமதிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது.

"அண்ணாச்சி, போன வாரம் நூடுல்ஸ்ல என்ன போட்டீங்க? அப்படி ஒரு ருசி! சீனாக்காரர் இருக்கையில கூட இப்படி இல்ல."

கிளைட்டன் கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு சங்கதி தெரியுமா? சனிக்கெழம தம்பி வாசல் வரைக்கும் நடந்துட்டான். கம்ப ஊனிக்கிட்டுத்தான். ஆனா நடந்துட்டான்."

"நல்லதும்மா."

"இன்னைக்கு இருபது. அடுத்த வாரத்தோட முடிஞ்சுது. பெறகு ஒங்க மீன ஒரு கை பாக்கேன்."

புதிய எண்ணெய்த் தகரத்தை உடைத்து அவர் அன்று நூடுல்ஸ் செய்ததை நான் கண்டேன். என் முறை வந்தபோது, மீன் கேட்ட எனக்கும் நூடுல்ஸையே கட்டிக் கொடுத்துவிட்டார். நானும் அதையே வாங்கிப் போனேன்.

இவ்விடத்தில் என் பாத்திரத்தின்மீது எனக்கே ஐயம் எழுகிறது. அவர் அன்று சொல்லாமல் விட்டது இரக்கத்தாலா? அப்படி எழுதினால் கதை அழகாயிருக்கும். ஆனால் அவரைக் கேட்டபோது, "பயம்தான் சார்" என்றார். "அவங்களும் வராட்டி வெள்ளிக்கெழமையும் மத்த நாளு மாதிரி ஆயிரும்."

6

வியாழன் மாலை மூன்று முடிவுகளை எழுதி எடுத்துச் சென்றேன். கூட்டம் இல்லை. ஜன்னலருகே நின்று படித்தேன்.

முதல் முடிவில் கிளைட்டன் சொல்லவே மாட்டார். தம்பி நடக்கிறார், அக்காள் மகிழ்கிறார், அறியாத பிழை எவரையும் வருத்தாது.

"அப்போ வாராவாரம் இத உள்ள வச்சுக்கிட்டு நான் அவங்ககிட்ட என்னத்தப் பேச?"

இரண்டாம் முடிவில், விரதம் முடிந்தபின் ஒருநாள் மெல்லச் சொல்லுவார்.

"முடிஞ்ச பெறகு சொன்னா அவங்களால என்ன செய்ய முடியும்? எம் பாரத்த எறக்கி அவங்க தலையில வைக்கதுதான அது?"

மூன்றாவது: "மறுநாள் கிளைட்டன் உண்மையைச் சொன்னார். இந்துமதி பொட்டலத்தை வாங்காமலேயே —"

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. மும்முறை முயன்றேன். ஒரு மனிதரை அவ்வளவு தனிமையில் நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி வைக்க என் கை எழவில்லை.

"சொன்னால் அவர் பிறகு வரமாட்டார், கிளைட்டன்" என்றேன்.

"வரமாட்டாங்க."

"தம்பிக்கு நாளை ஏதேனும் நேர்ந்தால் இந்த எண்ணெயால்தான் என்பார்."

"சொல்லட்டும் சார். எம்மேல சொல்லட்டும். நான் மறச்சிட்டேன்னு வைங்க, அப்போ யாரச் சொல்லுவாங்க? நம்ம வெரதத்துலதான் என்னவோ கொறன்னு தன்னையேல்லா சொல்லிக்கிடுவாங்க."

முப்பத்து நான்கு ஆண்டு முடிவுரை எழுதிய எனக்கு இது தோன்றவில்லை.

7

இதை வெள்ளிக்கிழமை முற்பகலில் எழுதி முடிக்கிறேன். இந்துமதி என்ன சொல்லுவார் என்பதை அறியேன். அறிந்தபின்னும் இங்கே ஒரு வரியும் சேர்க்கமாட்டேன். அவர் முதலிலிருந்து எண்ணத் தொடங்குவாரா, ஒரு வெள்ளியை மட்டும் கூட்டிக்கொள்வாரா, சிரித்துவிடுவாரா என்பதை வாசகர் தம் வீட்டாரோடு பேசித் தீர்மானித்துக்கொள்ளலாம். பேசுதற்கு ஆளில்லாதவர் என்னைப்போல் இத்தாள்களை மடித்து வைத்துவிடலாம்.

எனக்குத் தெரிந்தது வியாழக்கிழமையோடு நின்றுவிடுகிறது. மூன்று முடிவுகளையும் கிளைட்டன் வாங்கிப் பார்த்தார். "கையெழுத்து நல்லாருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"இங்கன வச்சுச் சொல்ல மாட்டேன். பின்னால ஆள் நிக்கும், அவங்களால கோவப்படக்கூட முடியாது. நாளைக்கு மூணு மணிக்கு அவங்க ஆபீஸுக்கு நானே போயிச் சொல்லிருதேன்."