பதினொரு நாள் முன்னால் வலித்த கை

கார்வர்ஸ் ஃபெரி ஊரின் பேஸ்பால் அணியில் கேட்சராக இருந்த நெல்மார் பிரிசேனோவின் இடது உள்ளங்கை, தனக்குப் பந்து வீசுகிறவர்களின் முழங்கை வலியைப் பதினொரு நாள் முன்னதாகவே வலித்தது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் இது தொடங்கியது. அதே வாரத்தில்தான் ஊரின் ஒரே சலவைக்கடையில் கட்டணம் கால் டாலர் ஏறியது. அதிகம் பேசப்பட்டது சலவைக் கட்டணம்தான்.

முகத்தில் கம்பிக்கூண்டும் நெஞ்சில் கவசமுமாக, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில் வரும் பந்தை ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை வாங்குவது கேட்சரின் வேலை. நெல்மாருக்கு அப்போது இருபது வயது. வெனிசுவேலாவின் காரோராவிலிருந்து பதினாறு வயதில் ஒப்பந்தமாகி வந்தவன். ஆங்கிலத்தை வீச்சாளர்களிடம் கற்றுக்கொண்டதால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வசவுகளும் வானிலையும்தான். பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லீன் வாஸ் என்ற பெண்மணியின் வீட்டு நிலவறையில் தங்கியிருந்தான். பெரிய அணிக்கு வீரர்களை வளர்த்து அனுப்பும் ஆறு சின்ன அணிகளில் இதுதான் கடைசிப் படி. இங்கிருந்து மேலே போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம்.

முதலில் கிப் லாண்ட்ரி என்பவன் வீசிய பந்தை வாங்கியபோது நெல்மாரின் உள்ளங்கையில் ஒரு நீலக்கோடு தோன்றியது. ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை, மையில் கிழித்தது போல. அது தினமும் கொஞ்சம் குட்டையாகிக்கொண்டே வந்து பதினொன்றாம் நாள் மறைந்தது. அன்று மாலை லாண்ட்ரியின் முழங்கைத் தசைநார் அறுந்தது. இரண்டாவது ஆளிடம் நெல்மார் முன்கூட்டியே சொன்னான். அவன் "போடா வேலையப் பாத்துக்கிட்டு" என்றான். அவனுக்கும் பதினொன்றாம் நாள் அறுந்தது. மூன்றாமவன் நம்பினான். கழுத்துப் பிடிப்பு என்று பொய் சொல்லிப் பத்து நாள் பந்தைத் தொடாமல் இருந்தான். கோடு குட்டையாகாமல் அப்படியே வெளுத்துப் போயிற்று. அதற்குப் பிறகு வீச்சாளர்கள் குளியலறையில் ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடிந்ததும் ஊர்க்காரர்கள் தங்கள் பள்ளிப் பிள்ளைகளை மார்லீனின் கொல்லைக்கு அழைத்து வந்து பத்துப் பந்து வீச வைத்தார்கள். நெல்மார் உள்ளங்கையைப் பார்த்து "ஒண்ணுமில்ல" என்பான், அல்லது எத்தனை நாள் மிச்சம் என்று சொல்வான். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவார்கள்.

ஊருக்குத் தெரிந்த இது அணிகளை நடத்தும் கிளப்புக்குத் தெரியாது. வீச்சாளன் தன் கையைப் பற்றிக் கேட்சரிடம் சொன்னதும், கேட்சர் அவன் கையைப் பற்றி அறிந்ததும் அவர்கள் இருவரோடு நிற்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். மேனேஜரிடம் போய்ச் சொல்லும் கேட்சருக்கு எந்த அணியிலும் யாரும் மனசுவைத்துப் பந்து போட மாட்டார்கள்.

மே மாதக் கடைசியில் லைல் ஹோஸ்டெட்லர் வந்தார். முப்பத்து நான்கு வயது. ஆறு அணிகளையும் சுற்றிவந்து இளம் கேட்சர்களைத் தயார்செய்வது அவர் பொறுப்பு. வலது கையில் இரண்டு விரல்கள் கோணியிருக்கும். சின்னக் கேமரா ஒன்றை எப்போதும் கழுத்தில் மாட்டியிருப்பார். அவர் நெல்மாரின் கையைப் பார்த்த நாளில் அதில் நான்கு கோடுகள் இருந்தன, உள்ளங்கை வீங்கியிருந்தது. கேட்சர் தொழிலில் வீங்கிய உள்ளங்கைக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு.

"எத்தனை நாளாடா இப்படி?"

"ஏப்ரல்லேருந்து, கோச்."

"பந்தை உள்ளங்கையில வாங்குற. கையுறையில வலை எதுக்குடா வெச்சிருக்கு, மீன் பிடிக்கவா?"

"கோச், இது என் வலி இல்ல."

"ஆமாடா, என் மாமியாரோட வலி. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வா."

லைல் தன் வேலையில் கெட்டிக்காரர், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பத்தொன்பது நாள், வெறுங்கையில் டென்னிஸ் பந்து, பிறகு உள்ளங்கை அளவே உள்ள குட்டிக் கையுறை, பிறகு மண்டியிட்டபடி கட்டைவிரலைத் தரைப்பக்கம் திருப்பி நூறு பந்து, இருநூறு பந்து. ஜூன் நடுவில் நெல்மாரின் பிடி மாறிவிட்டது. பந்து கையுறையின் வலையில் போய் விழுந்தது. துப்பாக்கி வெடித்தது போன்ற அந்தச் சத்தத்தைக் கேட்க ஓய்வுபெற்ற ஆட்கள் வெள்ளனவே வந்து உட்கார்ந்தார்கள். ஓரத்தில் வரும் பந்தை அவன் அசையாமல் வாங்கிய அழகில் நடுவர்கள் மயங்கி, மட்டைக்காரன் அடித்திருக்க வேண்டிய நல்ல பந்து என்று ஸ்ட்ரைக் கொடுத்தார்கள். வீக்கம் வற்றியது. கோடுகள் போயின. ஏப்ரலுக்குப் பிறகு முதன்முறையாக நெல்மார் இடது கையால் காப்பிக் கோப்பையைத் தூக்கினான். அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டு, கை குணமாகிவிட்டது என்று சொன்னான்.

புறப்படும் முன் லைல் அவனைத் தனியாக அழைத்தார்.

"ஒளிக்காமச் சொல்றேன். நீ பத்துத் தடவை மட்டையத் தூக்கினா ரெண்டு தடவைதான் படுது. உன்னைக் காப்பாத்தப் போறது இந்தப் பிடி மட்டும்தான். காலேஜ்லேருந்து ஒரு கேட்சர் வர்றான். மேல ஒரே இடம். ஆகஸ்ட் கடைசியில வந்து பாப்பேன். ரெண்டு பேர்ல ஒருத்தன் மேல, ஒருத்தன் வீட்டுக்கு."

வீடு என்றால் காரோராவில் மாமாவின் டயர்க் கடை. நான்கு வருடத்தைக் கொடுத்துவிட்டு அங்கே திரும்பிப் போய்ப் பஞ்சர் ஒட்டுவதை நெல்மார் நினைத்துப் பார்த்தான். அதற்கு மேல் நினைக்கப் பிடிக்கவில்லை.

ஜூலை மாதம் மூன்று வீச்சாளர்களின் முழங்கை போயிற்று. ஒரே மாதத்தில் மூன்று பேர் என்பது அந்த ஊரில் யாருக்கும் நினைவில் இல்லாத கணக்கு. மூன்றாமவன் ஜோயல் டல்லி. அவன் தசைநார் அறுந்த சத்தம் வண்டி நிறுத்துமிடம் வரை கேட்டது. மறுநாள் அவன் ஒற்றைக் கையால் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது நெல்மார் போய் அருகில் நின்றான்.

"எல்லாருக்கும் சொன்னியே," என்றான் டல்லி. "எனக்கு ஏண்டா சொல்லல?"

"கை சொல்லலடா."

"ஏன்?"

"நல்லாப் பிடிக்கக் கத்துக்கிட்டேன்."

டல்லி சட்டையை மடிக்க முடியாமல் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தான்.

நெல்மார் லைலுக்குப் போன் செய்தான். பழைய மாதிரி பிடிக்கட்டுமா என்று கேட்டான். "பழைய மாதிரி பிடிச்சா பழைய ஊருக்குப் போவ," என்று லைல் போனை வைத்துவிட்டார். நெல்மார் புதிய பிடியையே வைத்துக்கொண்டான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை, அவனாக எடுத்த முடிவு அது. ஆறு வாரம் நன்றாகப் பிடித்தான். ஆனால் ஒருநாளும் நன்றாகத் தூங்கவில்லை. மார்லீன் காலையில் பேருந்து எடுக்கக் கிளம்பும்போது அவன் சமையலறையில் உட்கார்ந்து கோடுகள் இல்லாத தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி லைல் கேமராவோடு வந்து, குந்தியிருக்கும் கேட்சரின் முதுகு தெரியும் இடத்தில் உட்கார்ந்தார். அன்று வீசியவன் வெஸ்லி டாக்கெட். ஓக்லஹோமாக்காரன், பத்தொன்பது வயது, கிளப் முந்தின வருடம் முதலில் தேர்ந்தெடுத்த ஆள். அவனை மேலே கூட்டிப்போவதற்கென்றே தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சிப் பந்து போடும்போது, ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் வெஸ்லி விரல்களை உதறுவதை நெல்மார் கவனித்தான்.

"என்னடா, தண்ணி உதறுற மாதிரி?"

"வேர்வை."

விரல்கள் உலர்ந்திருந்தன.

இரண்டு சுற்றுகள் நெல்மார் அழகாகப் பிடித்தான். லைல் தலையாட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாவது சுற்றில், கட்டைவிரல் தரைப்பக்கம் பார்க்க வேண்டிய நேரத்தில், நெல்மார் மணிக்கட்டைப் பழையபடி திருப்பி அடுத்த பந்தை உள்ளங்கையில் வாங்கினான். ஈரச் சாக்கை அடித்தது போலச் சத்தம் வந்தது. நல்ல ஸ்ட்ரைக்கை நடுவர் இல்லை என்றார். லைல் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். நெல்மார் இரண்டாவது பந்தையும் அப்படியே வாங்கினான். மூன்றாவதை வாங்கும்போது பந்து துள்ளி வெளியே விழுந்தது. கையுறையைக் கழற்றிப் பார்த்தான். மணிக்கட்டு வரை நீண்டிருக்க வேண்டிய கோடு ஓர் அரிசி அளவே மிஞ்சியிருந்தது. மீதி நாட்களெல்லாம் அவன் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தபோதே கழிந்துவிட்டன.

நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, பந்தோடு வீச்சாளன் நிற்கும் மேட்டுக்கு நடந்தான். உதட்டசைவை எதிரணி படிக்காதபடி இருவரும் வாயைக் கையுறையால் மூடிக்கொண்டார்கள்.

"எத்தனை நாளா வலிக்குது?"

"பந்தைக் குடு, நெல்."

நெல்மார் உள்ளங்கையைக் காட்டினான். ஏப்ரலிலிருந்து அங்கே இருந்தவன்தானே, வெஸ்லிக்குப் புரிந்தது.

"உனக்குத்தான் கை சரியாயிடுச்சே."

"கெடுத்துக்கிட்டேன். இப்பத்தான், மூணு பந்துல."

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"நாளெல்லாம் இல்ல."

வெஸ்லி மேட்டு மண்ணைக் காலால் கிளறினான். "இன்னும் ரெண்டு பேரை அவுட் எடுத்துட்டு நானே இறங்கிடறேன். சத்தியமா."

"ரெண்டு பேருக்குத் தாங்காதுடா."

நடுவர் அலுப்போடு நடந்து வந்தார். "என்னப்பா, பொண்ணு பாக்கற பேச்சா? சீக்கிரம் முடிங்க."

அவர் நகர்ந்ததும் வெஸ்லி குரலைத் தாழ்த்தினான். "மேனேஜர்கிட்ட வாயத் தொறந்தேன்னு வை, இந்த நாட்டுல ஒருத்தன் உனக்குப் பந்து போட மாட்டான். அந்தாளு கேமராவுல ஏற்கெனவே மூணு பந்து போச்சு. மேல போற பஸ் நம்ம ரெண்டு பேருக்குந்தான். குடு."

கையை நீட்டினான். நெல்மார் பந்தைத் தன் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மேனேஜர் பட் கிரண்டியைப் பார்த்துக் கையை உயர்த்தினான். கிரண்டி வந்ததும் நெல்மார் வாயைக் கையுறையால் மறைக்காமலே சொன்னான். முன்வரிசைக்குக் கேட்டது. வெஸ்லி கையுறையைத் தரையில் அடித்துவிட்டு வெளியே போனான். தலைமை அலுவலக ஆள் கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

மூன்றாம் நாள், பக்கத்துப் பெரிய ஊர் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தசைநார் ஒரு நூலில் தொங்குவதாகச் சொன்னார். அறுவை சிகிச்சை வேண்டியதில்லை, ஆறு மாத ஓய்வு போதும் என்றார். இன்னும் எத்தனை வீச்சு தாங்கியிருக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்த மூன்று நாளும் அணிப் பேருந்தில் நெல்மாருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

லைல் ஊரைவிட்டுப் போகவில்லை. மேனேஜர் அறையில் அந்த மூன்று பந்துகளையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். பிறகு நெல்மாரைக் கூப்பிட்டார்.

"வேணும்னேதான் பண்ணியா?"

"ஆமா, கோச்."

"நான் பாத்துட்டிருக்கேன்னு தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

"கையைக் காட்டு."

அரிசி அளவுக் கோடு வெளுத்து, அதே இடத்தில் நின்றிருந்தது. லைல் அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். நெல்மார் முகம் சுளித்தான். லைல் கையை விடவில்லை.

"எனக்கும் இருந்துச்சு," என்றார். "பத்தொன்பது வயசுல. தப்பாப் பிடிக்கிறேன்னு ஒருத்தர் திருத்திட்டாரு. நல்ல மனுஷன். அடிபட்ட கைன்னுதான் அவரும் சொன்னாரு, நானும் நம்பினேன்."

"அந்த வருஷம் எத்தனை பேருக்குக் கை போச்சு, கோச்?"

லைல் விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தார். கோணல் விரல்கள் இரண்டும் முழுக்க மடங்கவில்லை. எண்ணி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கிளப்புக்கு அனுப்பும் அறிக்கையில் அன்று அவர் எழுதியது இரண்டே வரி: பிடிக்கும் முறை தவறு. யாரும் திருத்த வேண்டாம்.

கல்லூரிப் பையன் மேலே போனான். நெல்மார் மேலேயும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. கார்வர்ஸ் ஃபெரியிலேயே ஒன்பது வருடம் ஆடினான், அதன் பிறகு பயிற்சிப் பந்து மட்டும் பிடிக்கிறான். பத்துக்கு இரண்டு என்ற அவன் மட்டைக் கணக்கு கடைசிவரை தேறவில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை. புதிதாக வந்த பயிற்சியாளர்கள் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு, விவரம் கேட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்கள். 2008 மார்ச்சில் தன் கையைச் சோதித்துப் பார்க்க வெஸ்லி டாக்கெட்தான் முதலில் வந்தான். ஒரு வார்த்தை பேசாமல் பத்துப் பந்து வீசினான். பத்தாவது பந்துக்குப் பிறகு நெல்மார் புதுக் கோடு எதுவும் இல்லாத கையைத் திறந்து காட்டினான். வெஸ்லி தொப்பியைத் தொட்டுவிட்டு ஓட்டப் பயிற்சிக்குப் போனான். அதிலிருந்து அங்கே அது வழக்கமாயிற்று. நெல்மாரின் இடது கையால் கோப்பையைத் தூக்க முடியாமல் போனபோது மார்லீன் குழாய் போட்டுக் குடிக்கும் மூடிபோட்ட குவளை ஒன்று வாங்கி வைத்தார்.

கையைப் பற்றிய பேச்சு இருவரோடு நிற்க வேண்டும் என்ற பழைய சட்டத்தை யாரும் நீக்கவில்லை, அது தானாகவே உதிர்ந்துபோயிற்று. வியாழக்கிழமைதோறும் வரும் ஊர்ப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் இப்போதும் ஊர் நிலவரம் சொல்லும் சின்னக் கட்டம் ஒன்று வருகிறது. சென்ற வாரம் அதில் இருந்தது இவ்வளவுதான். ஆறு: பதினான்கு அடி, இறங்குகிறது. சோளம்: விலை மாற்றமில்லை. நெல்மாரின் கை: இருபத்தேழாம் எண் சட்டைக்காரருக்கு ஒன்பது நாள், ஓய்வில் இருக்கிறார். மற்றவர்கள் வீசலாம்.