இரண்டு அளவு பெரிய பூட்ஸ்

குதிரையிலிருந்து விழுந்து சாவதில் தனக்கு நிகரானவன் பூமியில் இன்னும் பிறக்கவில்லை என்பது டெல்மர் ஸ்டைல்ஸின் முடிவான கருத்து. பன்னிரண்டு கௌபாய் படங்களில் பதினான்கு முறை செத்திருக்கிறான். இரண்டு படங்களில் தொப்பியை மாற்றிக்கொண்டு மறுபடியும் செத்தான். கதாநாயகன் கடைசிப் பாட்டுக்குக் கிடாரை எடுக்கும் வரை எதிலும் உயிரோடு இருந்ததில்லை.

லோன் பைன் பாறைகளுக்கு நடுவே அன்று காலைப் படப்பிடிப்பில் முதலில் கிழவர் எம்மெட் சாக வேண்டும், பிறகு டெல்மர். எம்மெட் தன் காலுக்கு இரண்டு அளவு பெரிய பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பெருசு, உள்ள வாடகைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?"

"விழும்போது அங்கவடி வளையத்துல கால் மாட்டினா பூட்ஸ் மட்டும் குதிரையோட போகும்டா. உன்னோடது மாதிரி இறுக்கமா இருந்தா நீயும் கூடவே போவ."

"என் பூட்ஸைக் கழட்ட ரெண்டு ஆள் வேணும். அதான் ஆம்பள பூட்ஸ்!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆனால் தட்டிலிருந்த பீன்ஸை அவன் தொடவேயில்லை. ஒவ்வொரு சாவுக்கு முன்னும் இப்படித்தான். கையிலிருந்த காப்பி தளும்பியதற்குக் காற்றைத் திட்டினான்.

துப்பாக்கி வெடித்தது. எம்மெட் கையை விரித்துக்கொண்டு சாய்ந்தார். இடது கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டது. மிரண்ட குதிரை, அவரை மூட்டை போல இழுத்துக்கொண்டு பாறைகளை நோக்கிப் பறந்தது. முதல் பாறைக்குப் பத்தடி முன்னால் கால் உருவிக்கொண்டது. கிழவர் புழுதியில் உருண்டார்.

குதிரை திரும்பி வந்தது. அங்கவடியில் காலில்லாத பூட்ஸ் ஆடிக்கொண்டிருந்தது.

எம்மெட் மண்ணைத் துப்பினார். "எடுத்துட்டீங்களா?"

"பிலிம் சிக்கிடுச்சு," என்றான் கேமராக்காரன்.

இயக்குநர் கிழவரின் வீங்கிய கணுக்காலைப் பார்த்தார். "டெல்மர், அவர் தொப்பியைப் போட்டுக்கோ. அதே குதிரை. மாட்டேன்னா சொல்லு, வேற ஆள் பாத்துக்கறேன்."

மாட்டேன் என்பதுதான் நாக்கின் நுனியில் இருந்தது. "இதெல்லாம் எனக்கு ஜுஜுபி சார்," என்றான். குரல் கீச்சென்று வந்தது.

எல்லாரும் கேமராப் பக்கம் போன பிறகு, அங்கவடியிலிருந்து அந்த பூட்ஸை மெல்ல எடுத்தான். கிழவரின் எதிரே போய் மண்ணில் உட்கார்ந்து காலை நீட்டினான்.

"பெருசு... கொஞ்சம் இழுங்க."

எம்மெட் அவனுடைய இறுக்கமான பூட்ஸைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. சமையற்காரனையும் கைகாட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.