குடிபெயர்ந்த தேதி

"எந்தத் தேதியிலேர்ந்து நீ ஓரிகன்காரி இல்ல?" என்று வரிக்கணக்கு எழுதித் தரும் ஜெனீன் கேட்டாள். கண் கணினித் திரையில் இருந்தது, ஒரு கை ரசீது ஒன்றில் ஒட்டியிருந்த நாய்முடியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் ரோண்டா, பிஸ்கட் டப்பா நிறைய ரசீதுகள் கொண்டுவந்திருந்தாள். ஷாம்பூ, கத்தரிக்குச் சாணை பிடித்தது, வேனுக்குப் போட்ட டீசல், நாய் கடித்துக் கிழித்த ரப்பர் ஏப்ரனுக்குப் பதில் வாங்கிய புது ஏப்ரன் என்று எல்லாம் அதற்குள் கிடந்தன.

"பதில் சொல்லு. உன் கணக்கை எடுத்தாலே எனக்கு ஒரு வாரம் தும்மல். சீக்கிரம் முடிச்சு உன்னை வெளிய அனுப்பணும்."

"தேதி எதுக்கு? நான் வேலை செஞ்சதெல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம், வாஷிங்டன் மாநிலத்துல. நாயெல்லாம் அங்கதானே குளிச்சுது?"

"நாய் எங்க குளிச்சா யாருக்கென்ன? உன் வீடு எங்க இருந்துச்சு, அதுதான் கேள்வி. வீடு இங்க இருந்த வரைக்கும் நீ நிலாவுல போய்க் குளிப்பாட்டியிருந்தாலும் ஓரிகனுக்கு வரி கட்டணும். வீட்டை அங்க மாத்தின நாள்லேர்ந்து வேண்டாம், வாஷிங்டன்ல சம்பாத்தியத்துக்கு வரி இல்ல. சொந்தத் தொழில்னு மத்திய அரசு பிடிக்கறது இருக்கு பாரு, அது எங்க போனாலும் கூடவே வரும். அதுல மாத்தமில்ல. எனக்கு வேண்டியது ஒரே ஒரு தேதி."

"அக்டோபர்," என்றாள் ரோண்டா.

ஜெனீனின் கை நின்றது. மேசையிலிருந்த தாள்களில் ஒன்றை இழுத்து முன்னால் வைத்தாள். ரோண்டாவின் ஓட்டுநர் உரிமத்தின் நகல். வருடாவருடம் கேட்பாள் என்று பழக்கதோஷத்தில் ரோண்டாவே எடுத்துக் கொடுத்தது. கொடுக்கும்போது அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று அவள் நினைத்தும் பார்க்கவில்லை.

"வாஷிங்டன் லைசென்ஸ். ஜூன் மாசம் வாங்கியிருக்கே. வாடகை ஒப்பந்தம் வேற ஜூன்ல ஆரம்பிக்குது."

"லைசென்ஸ சும்மா மாத்தினேன்."

"சும்மா யாரும் அந்த வரிசையில போய் நிக்கமாட்டாங்கடி."

"ஜெனீன், அக்டோபர்னே போடு. வரி அதிகமாத்தானே வரும்? நான் கட்டிடறேன்."

ஜெனீன் கண்ணாடியைக் கழற்றினாள். "இத்தனை வருஷத்துல வரியைக் கூட்டிப் போடுன்னு ஒரு ஆளும் என்கிட்ட கேட்டதில்ல. நாய் ஏதாவது கடிச்சுதா உன்னை?"

ரோண்டாவால் சிரிக்க முடியவில்லை. இந்த ஊரில், ஹெர்மிஸ்டனில், எல்லாருக்கும் தெரிந்த கதை அக்டோபர்தான். வாரநாட்களில் வேலைக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஆற்றைத் தாண்டி வாஷிங்டன் பக்கம் கென்னவிக்கில் அறை எடுத்திருந்தவள், சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள், ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவன் வெய்ன் வாய்விட்ட ஒரு சொல்லால் திரும்பாமல் போய்விட்டாள் என்பது கதை. சொல் உண்மைதான். "ஊரான் நாய்க்குச் சவரம் பண்றதும் ஒரு தொழிலா?" என்றுதான் கேட்டான். முதுகுவலியில் இருந்தான், அன்று முழுக்க வெயிலில் நின்று வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றைப் பழுதுபார்த்துவிட்டு வந்திருந்தான். அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். கோபம் வந்திருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு வந்தது நிம்மதி. அப்பாடா, சொல்லிவிட்டான் என்ற நிம்மதி.

ஏனென்றால் ஜூனிலேயே உரிம அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த பெண், "இதுதான் உங்க நிரந்தர முகவரியா?" என்று கேட்டபோது, "ஆமாம்" என்று அவள் சொல்லியிருந்தாள். எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது என்று அவளே திகைத்தாள். வெளியே வந்து வேனில் உட்கார்ந்து, குளிப்பாட்டி முடிக்காத பூடில் ஒன்று பின்னாலிருந்து குரைக்கக் குரைக்க, அந்தப் புது அட்டையைப் பர்ஸில் எல்லாவற்றுக்கும் அடியில் செருகினாள். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போய் எப்போதும்போல் வெய்னுக்குச் சட்டை மடித்து வைத்தாள். அவன் நல்லவன்தான். நல்லவனை விட்டுப் போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. கோடை முழுக்க அதற்காக அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெய்ன் கையெழுத்துப் போட வரான்," என்றாள் ஜெனீன். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து கணக்குக் குடுக்கறீங்க, ரெண்டு பேரும் போடணும். அவன் படிக்காம போடற ஆளில்ல. ஒரு ஆணி வாங்கினாலும் பெட்டியில போட்டிருக்கறதப் படிக்கறவன்."

"அதனாலதான் கேட்கறேன்."

"கூடக் கட்டினாலும் பொய் பொய்தான், ரோண்டா. தெரிஞ்சே தப்பான தேதியை எழுதி நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீ சொல்றியா, இல்ல இந்தத் தாள் சொல்லட்டுமா?"

கதவு மணி கிணுகிணுத்தது. வெய்ன் உள்ளே வந்தான். புதிதாக முடி வெட்டிவிட்டு வந்திருந்தான், காதோரம் வெயில் படாத தோல் வெள்ளையாகத் தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை. அவனே போட்டிருக்க வேண்டும், முழங்கைக்கு மேல் இரட்டை மடிப்பு விழுந்திருந்தது.

"ஜெனீன், இவ ரசீது குடுத்தாளா, இல்ல முடி மட்டும்தானா?"

"ஒரு சின்ன நாயே செய்யலாம் வெய்ன், அவ்வளவு முடி."

அவன் ரோண்டாவுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து நடுநாற்காலியில் தொப்பியை வைத்தான். "முன் டயர் தேஞ்சிருக்கு ரோ. வர்றப்ப பார்த்தேன். அதோட பாலத்து மேல போகாத."

"மாத்திடறேன்."

"நான் மாத்தித் தரேன். காசு வேண்டாம்." தொப்பியின் விளிம்பைத் தடவினான். "பாஸ்டர்கிட்ட இன்னும் போயிட்டுதான் இருக்கேன். வியாழக்கிழமை ஆனா போயிடறேன். பேசறதுக்கு முன்னாடி மனசுல பத்து வரைக்கும் எண்ணணும்கிறார். இப்ப கடைக்காரன்கிட்ட பாக்கி கேட்கக்கூட எண்ணிட்டுதான் வாயைத் திறக்கறேன், அவன் எனக்குப் பக்கவாதமோன்னு பயப்படறான்." சிரித்துப் பார்த்தான். "நீ திரும்பி வரணும்னு சொல்லல. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"வெய்ன், போதும்."

"இல்ல, ஜெனீன் முன்னாடியே சொல்றேனே—"

"நான் ஜூன்லயே போயிட்டேன்."

அவன் புரியாமல் ஜெனீனைப் பார்த்தான். ஜெனீன் எழுந்துபோய், நிரம்பியிருந்த காபிக் குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"ஜூன்ல நீ வீட்டுலதானே இருந்தே? ஹாங்க்ஸ் தோட்டத்துல செர்ரி பறிச்சோமே."

"பறிச்சோம். அதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அங்க லைசென்ஸ் வாங்கிட்டேன். இனி இங்க இல்லன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வாங்கினேன்."

பழுதான இயந்திரத்தின் குழாயை ஒரு முனையிலிருந்து தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறவனைப் போல அவன் கேட்டான். "ஆகஸ்ட்ல சந்தைக்குப் போனோமே. என் தோள்ல சாஞ்சுட்டு ராட்டினம் பார்த்தியே. அப்ப?"

"அப்பவும்."

"அக்டோபர்ல நான் சொன்ன வார்த்தை?"

"நீ அதைச் சொல்லலைன்னா, வேற எதையாவது சொல்ற வரைக்கும் காத்திருந்திருப்பேன்."

அவன் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. எண்ணாமல் கத்திவிட்டால் தேவலை என்றிருந்தது.

"குளிர்காலம் பூரா," என்றான் கடைசியில், "என் வாயை நானே திட்டிட்டுக் கிடந்தேன்."

"தெரியும்."

"ஒரு தடவை தடுத்திருக்கலாமே, ரோ."

"தடுத்திருக்கலாம்."

"கிறிஸ்துமஸ் அன்னிக்கி உன் வாசல்ல நின்னு கேட்டேனே. நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மன்னிச்சுட்டேன்னு சொன்னியே."

சொல்லியிருந்தாள். சொன்னது மட்டுமல்ல, சொன்னபோது மனம் கசிந்ததும் நினைவிருந்தது. அன்று நிஜமாகவே மன்னிக்கிறவளைப்போல் பெரிய மனசுக்காரியாகத் தன்னை உணர்ந்தாள். அவன் போன பிறகு கேக்கில் ஒரு துண்டு வெட்டித் தின்றாள்.

வெய்ன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வரிக்கு வரி விரல் வைத்து இறங்கி வந்தான். தேதிக்காக விட்டிருந்த இடம் இன்னும் காலியாக இருந்தது. விரல் அங்கே நின்றது.

"உண்மையையே எழுது ஜெனீன்," என்றான். "நான் எங்க போடணும்?"

ஜெனீன் இடத்தைக் காட்டினாள். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான். பிறகு எழுந்தான். "படிக்கற கண்ணாடி வண்டியில இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்."

கண்ணாடி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. அதன் ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை இரண்டு பெண்களும் பார்த்தார்கள்.  தொப்பி நாற்காலியிலேயே இருந்தது.

ரோண்டா எழுந்து கண்ணாடிக் கதவுவரை போனாள். வெய்ன் தன் பிக்கப் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். வண்டி உறுமியது, நகரவில்லை. எதன் மீது கை பட்டதோ, முன்கண்ணாடியின் துடைப்பான்கள் ஓடத் தொடங்கின. வாரக்கணக்கில் மழை இல்லை. காய்ந்த கண்ணாடியில் அவை கிறீச்சிட்டுப் போய்க் கிறீச்சிட்டு வந்தன, வயல் புழுதியில் இரண்டு பிறை வடிவங்களைத் தேய்த்தன. அவற்றில் ஒன்றுக்குப் பின்னால், பேனாவோடு சேர்த்து ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்திருந்த அவன் கைகள் தெரிந்தன. அவன் துடைப்பான்களை நிறுத்தவில்லை.