பாலுக்காக ஒரு சுறா

கீழே இருட்டு. மேலேயும் இருட்டு. நடுவில், உலகின் வடகோடிக் குளிர்கடலில், ஒரு சுறா, நடந்து போகிற மனிதனைவிட மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

அதற்கு என்ன அவசரம்? வயது நூற்றிருபது சொச்சம். அந்த இனத்தில் அதெல்லாம் ஒரு வயதா! முந்நூறு, நானூறு வருடம் இருந்துவிட்டுச் சாவகாசமாகப் போகிற சாதி. வருடத்துக்கு ஒரு விரல் அகலம்கூட வளராது. பெண்சுறா தாயாவதற்கு நூற்றைம்பது வயதாவது ஆகவேண்டும். ஆகவே இது இன்னும் சின்னப் பெட்டை.

அது பிறந்த காலத்தில், எங்கோ தெற்கே, குருநகர் என்கிற கடற்கரை ஊருக்குக் கரையூர் என்று பேர். யாழ்ப்பாணத்துக் கோட்டையில் வெள்ளைக்காரனின் கொடி. அந்தக் கொடி இறங்கியது. வேறு கொடி ஏறியது. சண்டை வந்தது. சனம் ஊரைவிட்டு ஓடியது. சுறாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. குளிர் தெரியும். இருட்டு தெரியும்.

சுறாவின் வயதும் அந்த நாளில் எவருக்கும் தெரியாது. செத்த சுறாவின் கண்ணை எடுத்துப் பரிசோதித்து வயது சொல்லக் கற்றுக்கொண்டது வெகுகாலம் கழித்து.

ஓடிய சனத்தில் ஒருவன் நேசன். குருநகர்க் கடல்காரன். ஓடி ஓடி, நோர்வேயின் வடக்கு முனையில், மரம் முளைக்காத ஒரு கடற்கரை ஊரில் வந்து நின்றான். அதற்கப்பால் ஓட நிலம் இல்லை.

அங்கே சூரியன் மாரியில் ஒருதரம் போனால் தை மாதக் கடைசியில்தான் முகம் காட்டும். மத்தியானத்தில் கொஞ்ச நேரம் வானம் நீலமாகும். பனியும் நீலமாகும். அவ்வளவுதான் பகல்.

அந்த நீல வெளிச்சத்தில் அவன் மனைவி மெற்றில்டா பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்து பத்து நாள். பெண்பிள்ளை. பால் வரவில்லை. வந்தால் ஒரு துளி. பிள்ளை முட்டும். இழுக்கும். பிறகு வீரிட்டு அழும்.

ஊர்த் தாதி வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தாள். எடை ஏறவில்லை. இறங்கிக்கொண்டிருந்தது. பால்மா கரைத்துக் கொடுங்கள், நாளைக்கே கொடுங்கள், இப்படியே விட்டால் பிள்ளை தாங்காது என்றாள்.

நேசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனைவியிடம் பாய்ந்தான்.

"எங்கட பிள்ளைக்குப் பேணிப் பாலோ? உந்தக் கதையை விடச் சொல்லும்."

தலைக்கனம். வேறு சொல் இல்லை. நாடு போனது, வீடு போனது, வள்ளம் போனது. தலைக்கனம் மட்டும் பத்திரமாகக் கூட வந்து சேர்ந்திருந்தது. மார்பை அழுத்தி அழுத்தி மெற்றில்டாவுக்குக் கண்ணீர்தான் வந்தது.

"அக்காவுக்கும் இப்பிடித்தான் பால் வராமக் கிடந்தது," என்றாள். "பால்சுறா வாங்கி வறை வறுத்துக் குடுத்தவை. இரண்டு நாளில சட்டையெல்லாம் நனைஞ்சது."

"இஞ்ச எங்கையப்பா சுறா?"

"ஓம். இஞ்ச எங்க."

சும்மா சொன்ன பேச்சு. ஆனால் அது அவன் மண்டைக்குள் போய்க் குந்திவிட்டது. மறுநாள் விடிய, விடியல் இல்லாத அந்த விடியலில், அவன் கடலுக்குப் போனான்.

வள்ளம் ஒட்வாருடையது. ஒட்வார் அந்த ஊர்க்காரன். பேச்சுக்கும் பஞ்சம், சிரிப்புக்கும் பஞ்சம், மனம் மட்டும் தாராளம். இரண்டு பேருமாக நீண்ட கயிற்றை இழுத்தார்கள். கொக்கிக்குக் கொக்கி கொட் மீன். பிறகு கயிறு கனத்தது. பிறகு இன்னும் கனத்தது.

கறுப்பாக ஒரு முதுகு. முரட்டுத் தோல். மங்கிய ஒரு கண். துள்ளவில்லை, அடிக்கவில்லை. தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி வந்து வள்ளத்தின் ஓரத்தில் கிடந்தது.

"சுறா!" என்று நேசன் கத்தினான். தமிழில்தான் கத்தினான். அந்த நேரத்தில் வேறு மொழி எங்கே வரும்?

ஒட்வார் கயிற்றை வெட்டி விடக் கத்தியை எடுத்தான். நேசன் அவன் கையைப் பிடித்தான். தெரிந்த நோர்வே மொழியெல்லாம் கூட்டிச் சொன்னான்: எனக்கு வேண்டும், மனைவிக்கு வேண்டும், பால் வரவேண்டும்.

"இதைத் தின்னக்கூடாது," என்றான் ஒட்வார். "அப்பாவின் நாய் ஒருதரம் தின்றது. குடிகாரன் மாதிரித் தள்ளாடித் தள்ளாடி விழுந்தது."

நேசன் மனதுக்குள் சிரித்தான். இவர்கள் மீன் தலையைக் குப்பையில் கொட்டுகிறவர்கள். வந்த புதிதில் அவன் தலைகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனபோது துறைமுகமே சிரித்தது. அந்தத் தலைக் குழம்பை இதே ஒட்வார் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டான். இவர்களுக்கு மீனைப்பற்றி என்ன தெரியும்?

கெஞ்சினான். பிள்ளை தேய்கிறது என்றான். ஒட்வாருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். கத்தி திசை மாறியது.

நூற்றுச் சொச்சம் வருடம். முடிய ஒரு நிமிடம். அந்த நீல வெளிச்சத்தில் இரத்தமும் கறுப்பாகத்தான் தெரிந்தது.

வயிற்றைக் கீறிப் பார்த்த ஒட்வார், "பெண். இன்னும் குட்டி போடுகிற பருவம் வரவில்லை," என்றான். நேசன் முதுகுத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்தான். மிச்சத்தைக் கடலில் தள்ளினார்கள். அது வந்ததுபோலவே மெதுவாகத் தாழ்ந்தது.

வீட்டில் மெற்றில்டாவும் பிள்ளையும் அழுது களைத்து உறங்கிப்போயிருந்தார்கள். நேசன் சமைக்க நின்றான்.

அவித்தான். நெடி மூக்கைப் பிடுங்கியது. சுறா என்றால் நெடி இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தண்ணீரைப் பிழிந்து உதிர்த்தான். மஞ்சள், செத்தல் மிளகாய், வெங்காயம். பிள்ளைப்பெற்றவளுக்கு என்று உள்ளிப்பூண்டு அள்ளிப் போட்டான். பெட்டியில் வருகிற காய்ந்த தேங்காய்ப்பூவைத் தூவினான்.

உப்புப் பார்க்க ஒரு நுள்ளு. இன்னொரு நுள்ளு. பிறகு ஒரு பிடி.

ஊரைவிட்டு வந்து எத்தனை நாளாயிற்று! நாக்கில் குருநகர் வந்து உட்கார்ந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டியடியில் நின்றபடி, வெட்கமில்லாமல், இன்னும் ஒரு பிடி தின்றான். மனைவி எழும்பட்டும் என்று கதிரையில் குந்தினான்.

அவள் எழும்பியபோது அவனும் எழும்பினான். தரை எழும்பவில்லை, எங்கேயோ சாய்ந்து போனது.

தட்டில் சோறு. சோற்றின் மேல் வறை. அறைக்குப் போகிற வழியில் சுவர் வந்து தோளில் இடித்தது. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு போய் அவள் மடியில் வைத்தான்.

"சுறாவோ?" மெற்றில்டாவின் முகம் மலர்ந்தது. பிள்ளை பிறந்த பிறகு அந்த முகம் மலர்ந்தது அன்றுதான். சோற்றையும் வறையையும் பிசைந்து திரட்டினாள்.

நேசனுக்கு உதடு மரத்திருந்தது. நாக்கு தடித்திருந்தது. எதிரே இரண்டு மெற்றில்டா. அப்போதுதான் அவனுக்கு அந்த நாய் நினைவுக்கு வந்தது.

தின்னாதே. அந்த ஒரு சொல். வரவில்லை. நாக்கு வாய்க்குள் புரண்டு புரண்டு படுத்தது. அவள் கை வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் தின்றால் பிள்ளைக்கும் போகும். நேசன் கையை நீட்டினான், கட்டில் காலில் தடுக்கினான், முழங்காலில் விழுந்தான். ஏதோ ஒரு சத்தம் வந்தது. பேச்சு வரவில்லை.

மெற்றில்டா நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தள்ளாட்டம் அவளுக்குத் தெரியும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து தெரியும். பிள்ளை பிறந்த அன்று அவன் கையைப் பிடித்துப் பிள்ளையின் தலையில் வைத்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கியவள் அவள்.

"குடிச்சிருக்கிறியள்."

இல்லை என்று தலையாட்டினான். தலை ஓம் என்று ஆடியது.

"பிள்ளையின்ரை தலையில அடிச்ச சத்தியம்! அந்தக் கையால சமைச்சதை நான் தின்னவேணுமோ? செத்தாலும் தின்னமாட்டன்!"

தட்டு பறந்தது. சுவரில் பட்டது. சோறும் வறையும் தேங்காய்ப்பூவும் ஜன்னலெல்லாம் ஒட்டின.

நேசன் சிரித்தான். பாவி மனிதன், நிம்மதியில் சிரித்தான். தரையில் கிடந்து, கண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் தின்னவில்லை. கர்த்தரே, அவள் தின்னவில்லை.

அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் குடிகாரனைத் தூக்கிக்கொண்டு போ என்று ஒட்வாருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

ஒட்வார் வந்தான். சட்டியை மோந்து பார்த்தான். நேசனின் வாயை மோந்து பார்த்தான். "சாராயம் இல்லை," என்றான். "சுறா." வேறொன்றும் பேசாமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போனான்.

திரும்பி வரும்போது தாதியைக் கூட்டிவந்தான். தாதி கையில் பால்மா. மெற்றில்டா யாரையும் கேட்கவில்லை. கரைத்தாள். கொடுத்தாள். பிள்ளை குடித்தது. ஒரு மிடறு, ஓய்வு. இன்னொரு மிடறு, ஓய்வு. வயிறு நிறைந்ததும் அந்தச் சின்னக் கை விரிந்துகொண்டது. அதைப் பார்த்துத்தான் மெற்றில்டா ஓவென்று அழுதாள்.

இரண்டு நாளில் நேசன் கால் நிலைத்து வீடு வந்தான். பால்மாப் பேணியைப் பார்த்தான். அன்று பின்னேரம் சூப்பிப் போத்தலை அவித்துக் கழுவியது அவன்தான்.

அடுத்த கிழமை தாய்ப்பாலும் வந்தது. தன்பாட்டில் வந்தது. எதனால் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்?

பிறகு முப்பது வருடம். வடக்கை விட்டு ஒஸ்லோவுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சுறா அவர்கள் வீட்டுப் பகிடியாகிவிட்டது. எந்தக் கொண்டாட்டத்திலும் மெற்றில்டா எழும்பி நின்று நேசனைப்போல் தள்ளாடிக் காட்டுவாள். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கட்டும் என்று நேசனும் இருப்பான்.

ஒரு மழை நாள். மகள் றெபேக்கா கைபேசியில் எதையோ வாசித்துவிட்டு, "அப்பா, உங்கட சுறா!" என்று கத்தினாள். வாசித்துத் தமிழில் சொன்னாள். நானூறு வருடம்கூட வாழுமாம். தாயாக நூற்றைம்பது வருடம் எடுக்குமாம்.

மெற்றில்டா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "உங்கட சுறா எப்பிடி? பெட்டையோ?"

"பெட்டைதான்," என்றான் நேசன். "பருவம் வரேல்லை எண்டு ஒட்வார் சொன்னவன். சரியான பெரிசு. இவை சொல்லுற கணக்குக்குப் பாத்தா நூத்தியிருபதெண்டாலும் இருந்திருக்கும்."

மழை பெய்துகொண்டிருந்தது. றெபேக்கா எழும்பி வேலைக்குப் போனாள்.

"அப்ப," என்றாள் மெற்றில்டா, "இருந்திருந்தா இப்பத்தான் அதுக்குத் தாயாகிற வயசு."

நேசன் ஓம் என்றான்.

அந்தக் கிழமை ஒரு பிறந்தநாள் விருந்து. சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போலச் சனம் பிடித்துக்கொண்டது: மெற்றில்டா அக்கா, அந்தச் சுறாக் கதை! அவர் தள்ளாடினதைக் காட்டுங்கோ!

மெற்றில்டா எழும்பவில்லை.

"அதை விடுங்கோ பிள்ளையள்," என்றாள். "அது பகிடி இல்லை."