நீலத் தழல் அணையும் முன்

ஹெல்கா காபிப் பாத்திரத்தை மின்னடுப்பில் வைத்து விசையைத் திருப்பிய மறுகணம், பின்னாலிருந்து வந்த கை அவள் மணிக்கட்டின் மேல் ஓங்கி விழுந்தது. காபித் தூள் டப்பா கைநழுவித் தரையில் உருண்டது.

"இப்ப என்ன ரேட்டுன்னு பார்த்தியா?" கணவன் ரைமோ தன் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். மணிக்கு மணி மாறும் மின்கட்டணம் திரையில் சிவப்புக் கோபுரங்களாக நின்றது. "உச்சத்துல இருக்கு. மத்தியானம் இறங்கும். அப்ப குடிச்சா தொண்டையில இறங்காதா உனக்கு?"

"எனக்கில்ல. சைமாவுக்குச் சூடா ஏதாவது குடுக்கணும். ராத்திரி பூரா இருமியிருக்கா."

"போர்வையைப் போர்த்திக்கச் சொல்லு. போர்வைக்குக் கரண்ட் வேணாம்."

அவன் விசையை அணைத்தான். பிறகு மண்டியிட்டு, தரையில் சிந்திய தூளைக் கரண்டி விளிம்பால் கூட்டி, தூசியோடு சேர்த்து டப்பாவுக்குள் போட்டான்.

ஜன்னலுக்கு வெளியே பனியில் அவனுடைய கார் நின்றது. எஞ்சின் உறையாமல் சூடாக்கும் மின்கம்பி விடிந்ததிலிருந்து அதில் செருகியே கிடந்தது. ஹெல்கா அதைப் பார்த்தாள். போன வாரம் அதைப் பற்றிக் கேட்டதற்குக் கிடைத்த பதில் அவள் காதோரத்தில் இன்னும் மஞ்சளாகக் கன்றித் தெரிந்தது.

சிக்கனம் ஹெல்காவுக்குப் புதிதல்ல. பின்லாந்தின் குவோப்பியோ நகருக்கு வடக்கே ஏரிக்கரையில் இருந்த அந்த மரவீட்டை அத்தனை வருடங்களாக அவள்தான் கைக்குள் வைத்து நடத்தினாள். ஆகஸ்டில் காட்டுக்குப் போய்ப் பழங்களை வாளி வாளியாகப் பறித்து வந்து உறைபெட்டியை நிரப்புவாள். கடை மூடும் நேரத்தில் போய், சிவப்பு ஒட்டு ஒட்டிய அரை விலை மீனை வாங்கி அன்றே புகையில் வாட்டுவாள். நைந்த சட்டைகளைக் கீறி, பக்கத்து வீட்டு லெம்பியின் தறியில் தரைவிரிப்பாக நெய்வாள். ஒருமுறை மூட்டிய ரொட்டியடுப்பு அவளிடம் நான்கு வேலை பார்க்கும். முதலில் ரை தானிய ரொட்டி. அடுப்பு சற்றுத் தணிந்ததும் இறைச்சிக் குழம்பு. அதன் பிறகு காளான் உலர்த்தல். கடைசியில் எல்லோருடைய ஈரக் காலுறைகளும்.

"இந்த அடுப்பு ஒருநாள் உன்கிட்ட ஓவர்டைம் கேட்கப் போகுது பாரு" என்று அந்த நாட்களில் ரைமோ பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு சிரிப்பான். அவன் தாடியில் மரத்தூள் வாசனை அடிக்கும். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள்.

மர ஆலையில் வேலைநாட்களைக் குறைத்தார்கள். அன்றிலிருந்து அவனைப் பயம் பிடித்தது. பயந்த மனிதர்கள் சிலர் அழுவார்கள், சிலர் குடிப்பார்கள். ரைமோ வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். அறைகளின் சூட்டைக் குறைத்தான். மூச்சு விட்டால் ஆவி தெரிந்தது. சனிக்கிழமைகளில் லெம்பி வீட்டோடு சேர்ந்து முறைவைத்துச் சவுனா என்னும் நீராவிக் குளியலறையை மூட்டும் வழக்கத்தை நிறுத்தினான். அப்படி மூட்டினால் இரு வீட்டுக்கும் விறகு பாதிதான் ஆகும் என்று ஹெல்கா சொன்னபோது, "அந்தக் கிழவி நம்ம தண்ணியை ரெண்டு வாளி கூட ஊத்திக்கிறா" என்றான். பதினைந்து வயது மகள் சைமா இரவில் இரண்டாவது முறை தட்டை நீட்டினால், "பள்ளிக்கூடத்துலதான் இலவசமா சுடுசோறு போடறாங்கல்ல? அங்கே தின்னுட்டு வரவேண்டியதுதானே?" என்று தட்டைப் பிடுங்கி வைத்தான்.

முதலில் வார்த்தைகள்தான் வந்தன. பிறகு கை வந்தது. சூடான நீரில் கொஞ்சம் அதிக நேரம் குளித்தாள் என்று ஒருநாள் சைமாவைத் தலைமுடியைப் பிடித்துக் குளியலறையிலிருந்து இழுத்து வந்தான். குறுக்கே போன ஹெல்காவின் உதடு கிழிந்தது.

யாராவது கேட்டால் ஹெல்கா, "பனியில வழுக்கிட்டேன்" என்பாள். அந்த ஊரில் ஆறு மாதம் தரையெல்லாம் பனிக்கட்டி. யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். வீடு ஏன் இப்படிக் குளிர்கிறது என்று கேட்டால், "நாங்க இப்ப சிக்கனமா இருக்கோம்" என்று சொல்லிச் சிரிப்பாள். நல்ல வார்த்தை அது. அதற்குப் பின்னால் எதையும் ஒளித்துவிடலாம்.

காபித் தூள் சிந்திய அந்த ஞாயிறு முற்பகலில் ரொட்டியடுப்பை மூட்ட ரைமோ அனுமதித்தான். குளிர் மைனஸ் இருபதைத் தாண்டியிருந்தது. அடுப்பை ஒட்டிய மரப்பலகையில் சைமா போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள். இருமும்போது அவள் தோள்கள் குலுங்கின. பிர்ச் மர விறகு எரிந்து தணிந்து தணலாகியது. அறையில் முதல்முறையாகக் கொஞ்சம் வெதுவெதுப்பு பரவியது.

ரைமோ எழுந்தான். கைநீட்டி, புகைபோக்கியை அடைக்கும் இரும்புத் தகட்டைத் தள்ளி மூடினான்.

ஹெல்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அடுப்பு வாய்க்குள் தணலின் மேல் நீலத் தழல்கள் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. அந்த ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும்: நீலம் அடங்காமல் தகட்டை மூடக் கூடாது. மூடினால் வெளியே போகவேண்டிய விஷவாயு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

"என்ன பண்ற நீ? இன்னும் நீலமா எரியுது!"

"எரியட்டும். அது அத்தனையும் சூடு. நான் வெட்டின விறகு. ஆகாசத்துக்கு அனுப்பவா வெட்டினேன்?"

"சைமா பக்கத்துலயே படுத்திருக்கா!" அவள் ஈரக்கையோடு ஓடிப்போய்த் தகட்டை இழுத்துத் திறந்தாள்.

அவன் மூடினான். அவள் திறந்தாள். மூன்றாம் முறை அவள் கை தகட்டை எட்டும் முன் அவன் கரி கிளறும் இரும்புக் கொக்கியை எடுத்து வீசினான். அது அவள் முன்கையில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் மடங்கி விழுவதற்குள் அவன் அவள் கழுத்துப் பட்டையைப் பற்றி, தலையை அடுப்பின் செங்கல்லில் மோதினான்.

"என் வீட்டுல எனக்கே பாடம் நடத்தறியா? சாப்பாடு போடறவன் நான்!"

"அப்பா, விடுப்பா! அம்மாவை விடு!" சைமா பலகையிலிருந்து இறங்கி அவன் முதுகைக் குத்தினாள். ஒரே தள்ளில் அவள் மீண்டும் பலகையில் போய் விழுந்தாள். இருமல் அவளை எழவிடவில்லை.

ரைமோ மனைவியை முடியைப் பற்றி நடைவழியில் இழுத்துப்போய் வாசற்படியில் தள்ளினான். "வெளியே நில்லு. கொதிக்கிற மண்டை ஆறட்டும். அதுக்குச் செலவும் இல்ல" என்றான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

காலில் வெறும் காலுறை. நெற்றியில் இருந்து வழிந்த ரத்தம் புருவத்திலேயே உறையத் தொடங்கியது. ஹெல்கா கதவைத் தட்டினாள், கெஞ்சினாள், கத்தினாள். வானொலியின் ஒலியை அவன் கூட்டியதுதான் பதிலாக வந்தது. கைபேசி உள்ளே இருந்தது. கால்விரல்கள் மரத்துப்போன பிறகுதான், வயலுக்கு அப்பால் இருந்த லெம்பியின் வீட்டை நோக்கி ஓடினாள்.

கதவைத் திறந்த லெம்பி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். எழுபதைத் தாண்டியவள், விதவை, ஊரே பயப்படும் வாய்க்காரி.

"இன்னிக்கும் வழுக்கிட்டியா? இந்த ஊருப் பனிக்கு உன்மேல மட்டும் என்னடி அவ்வளவு ஆசை?"

ஹெல்காவின் பற்கள் அடித்துக்கொண்டன. லெம்பி அவளை இழுத்து உட்காரவைத்து, கால்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தாள். உடைந்த கையை ரொட்டிப் பலகையோடு சேர்த்துத் துணியால் கட்டினாள். சூடான காபியைப் பிடிவாதமாகக் குடிக்க வைத்தாள்.

"போலீஸைக் கூப்பிடறேன்."

"வேணாம் லெம்பி. அவன் கோவம் ஆறிடும். எப்பவும் ஆறிடும். கதவைத் திறந்துடுவான்."

"அவன் கோவம் ஆறும். உன் காயம் ஆறுதா? எதுக்குடி இன்னிக்கு இத்தனை அடி?"

"தகட்டை மூடாதேன்னு சொன்னேன். நீலத் தழல் எரியறப்பவே…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். வெளியே தள்ளப்பட்ட பயத்திலும் வலியிலும் மறந்துபோனது இப்போது முழுதாக எதிரே வந்து நின்றது. அவள் இங்கே. தகட்டைத் திறக்க அங்கே யாரும் இல்லை.

"அலாரம் இருக்குல்ல? வாயு வந்தா கத்துமே?" லெம்பியின் குரல் மாறிவிட்டது.

"பேட்டரியைக் கழட்டிட்டான். மீன்பிடிக்கப் போறப்ப ரேடியோவுக்கு வேணும்னு. புதுசு வாங்கறது தண்டம்னான்."

அதற்குமேல் லெம்பி கேட்கவில்லை. ஒரு கையால் அவசர எண்ணை அழுத்திக்கொண்டே மறுகையால் கொட்டகைச் சுவரிலிருந்த கோடரியை எடுத்தாள். இறந்துபோன கணவனின் காலணிகளை ஹெல்காவின் முன் எறிந்தாள்.

இருவரும் வயலைக் கடந்து ஓடிவந்தபோது ஹெல்காவின் வீட்டுக்குள் வானொலி பாடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தபோது ரைமோ சாய்வு நாற்காலியில் வாய் திறந்து கிடந்தான். சைமாவின் கை பலகையிலிருந்து தொங்கியது. அந்தக் கை அசையவில்லை.

ஹெல்கா லெம்பியிடமிருந்து கோடரியைப் பிடுங்கி ஒற்றைக் கையால் ஓங்கினாள். இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் வெளிக் கண்ணாடி சிதறியது. உள்கண்ணாடியின் இடுக்குகளில் காற்று நுழையாதபடி ரைமோ பட்டை பட்டையாக நாடா ஒட்டியிருந்தான். அதையும் சேர்த்துப் பிளந்தாள். சட்டத்தில் மிஞ்சிய சில்லுகள் தொடையைக் கிழித்ததை அவள் உணரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே குதித்து, முதலில் தகட்டைத் திறந்தாள். தாழ்ப்பாளை நீக்கிக் கதவை விரியத் தள்ளினாள். பிறகு மகளை, தான் நெய்த தரைவிரிப்பின் மேல் உருட்டி, விரிப்போடு இழுத்து வந்தாள்.

வாசலில் லெம்பி பெண்ணை ஏந்திக்கொண்டாள். கன்னத்தில் அறைந்தாள். பனியை அள்ளி முகத்தில் தேய்த்தாள். "மூச்சு விடு கழுதை! விடு! இத்தனை பாடுபட்டு உன்னை இழுத்து வந்திருக்கா!"

சைமாவின் உடல் ஒருமுறை வெட்டி இழுத்தது. வாந்தி எடுத்தாள். பிறகு இருமினாள். இரவெல்லாம் ஹெல்காவை வதைத்த அந்த இருமல் இப்போது காதில் விழுந்ததும் அவளுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது.

ஹெல்கா திறந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே இன்னொருவன் கிடந்தான்.

லெம்பி போ என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. ஹெல்கா அந்த வாசற்படியில் ஒரு மூச்சு நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். அது மன்னிப்பு அல்ல. கொல்வது அவளுக்குத் தெரிந்த வேலை அல்ல, அவ்வளவுதான். அவன் அக்குளில் நல்ல கையைக் கொடுத்து, நாற்காலியிலிருந்து சரித்து, அங்குலம் அங்குலமாக இழுத்து வந்து பனியில் போட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. சைமாவை முதலில் ஏற்றி, முகத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தினார்கள். ரைமோவுக்கு ஸ்ட்ரெச்சரிலேயே நினைவு திரும்பியது. முகமூடியை விலக்கிவிட்டு மங்கிய கண்களால் வீட்டைப் பார்த்தான்.

"ஜன்னல்… ஜன்னலை யாரு உடைச்சது?" நாக்கு குழறியது. "சூடெல்லாம் வெளியே போகுதே…"

லெம்பி கோடரியை ஊன்றிக்கொண்டு அவனைக் குனிந்து பார்த்தாள். "செத்துப் பிழைச்சவன் முதல்ல மகளைக் கேட்பான்னு பார்த்தேன். நல்லவேளை, கண்ணாடியைக் கேட்டுட்ட. உன்னைப் பத்தி எனக்கும் இனிமே சந்தேகம் இல்ல."

மருத்துவ உதவியாளர் பெண் ஹெல்காவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இது கண்ணாடிக் காயம் இல்லையே. கையும் உடைஞ்சிருக்கு. விழுந்தீங்களா?"

பழகிய பொய் நாக்கின் நுனிவரை வந்தது. ஆம்புலன்ஸுக்குள்ளிருந்து சைமா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழலை" என்றாள் ஹெல்கா. "இதோ, இவன் அடிச்சான். இன்னிக்கு மட்டும் இல்ல. என் பொண்ணையும் அடிச்சிருக்கான். இதை யாருகிட்ட சொல்லணுமோ அவங்களை வரச்சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்றேன்."

"ஹெல்கா…" ரைமோவின் குரல் உடைந்தது. "உங்க ரெண்டு பேருக்காகத்தானே நான் மிச்சம் பிடிச்சேன்? வீடு நிக்கணும்னுதானே?"

அவள் ஆம்புலன்ஸ் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"மிச்சம் பிடிக்க எனக்கும் தெரியும் ரைமோ. உன்னைவிட நல்லாவே தெரியும். வீட்டுல எல்லாரும் கூடிப் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, சிரிச்சுக்கிட்டே செய்யறதுக்குப் பேருதான் சிக்கனம். கூட இருக்கறவங்க சாப்பாட்டையும் சூட்டையும் மூச்சையும் அடிச்சுப் பிடுங்கறதுக்கு அந்தப் பேரு இல்ல. அது கொடுமை. நானே அதைச் சிக்கனம்னு ஊருக்குச் சொல்லி மறைச்சேன், அது வளர்ந்து என் பொண்ணைத் தின்னப் பார்த்தது. எந்த வீட்டுலயும் எந்தப் பொண்ணும் இனிமே அப்படி மறைக்கக் கூடாது. முதல் அடியிலேயே கதவைத் திறந்துட்டு வெளியே வந்து சொல்லணும்."

சொல்லிவிட்டு ஏறி, மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.